யாட்செக் குரோன்: சிறையிலிருந்து அமைச்சர் நாற்காலிக்கு, அங்கிருந்து சூப் வரிசைக்கு

செங்காந்தள்

போலந்து மொழியில் ‘குரோனியுவ்கா’ என்று ஒரு சொல் இருக்கிறது. வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கும் அதுதான் பேச்சுவழக்குப் பெயர், ஏழைகளுக்கு இலவசமாக ஊற்றும் சூப்புக்கும் அதுதான் பெயர். கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த பிறகு அங்கே தொழிலாளர், சமூகநலத் துறைக்கு முதல் அமைச்சராக வந்த யாட்செக் குரோன் என்பவரின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. அமைச்சர் பெயரில் பாலம் இருக்கும், சாலை இருக்கும், மருத்துவமனை இருக்கும். கஞ்சித்தொட்டிக்கு ஓர் அமைச்சரின் பெயர் ஒட்டிக்கொண்டதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு மாதமாக இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1934 மார்ச் 3 அன்று லிவிவ் நகரில் பிறந்தார். அன்று அது போலந்து, இன்று உக்ரைன். அப்பா ஒரு பொறியாளர், பழைய சோசலிஸ்ட். மகன் இளவயதிலேயே கம்யூனிஸ்ட் கட்சிக்குள் போனார், விமர்சனம் செய்ததால் 1953-ல் வெளியேற்றப்பட்டார், ஸ்டாலின் காலத்துப் பிடி தளர்ந்த 1956-ல் திரும்பச் சேர்க்கப்பட்டார். அப்புறம்தான் கதையே ஆரம்பம். 1965-ல் நண்பர் கரோல் மோட்செலெவ்ஸ்கியுடன் சேர்ந்து கட்சிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். தொழிலாளர் பெயரைச் சொல்லி ஆளும் இந்தக் கட்சியின் அதிகாரிக் கூட்டமே ஒரு புதிய சுரண்டும் வர்க்கமாகிவிட்டது என்பது அதன் சாரம். இருவரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். குரோனுக்கு மூன்று ஆண்டு, மோட்செலெவ்ஸ்கிக்கு மூன்றரை ஆண்டு.

வாழ்நாளில் மொத்தம் ஏறக்குறைய ஒன்பது ஆண்டு சிறை. 1989 செப்டம்பரில் அமைச்சர்.

என் கேள்வி இதுதான். தொழிலாளிக்காக ஒன்பது ஆண்டு சிறையில் இருந்தவர் அமைச்சராகி, 1990 முடிவதற்குள்ளேயே நாட்டில் பத்து லட்சம் பேருக்கு மேல் வேலையில்லாமல் நின்றார்கள். அவர் ராஜினாமா செய்யவில்லை. தொலைக்காட்சிக்கு வந்து மக்களிடம் பேசினார், தெருவில் நின்று சூப் ஊற்றினார். அவர் செய்தது சரியா? எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் விடை கிடைக்கவில்லை.

பாலைநிலம்

நல்ல இழை, நண்பரே. ஆனால் எனக்கு விடை தெளிவாகவே இருக்கிறது: சரியில்லை.

1990 ஜனவரி 1 முதல் நிதியமைச்சர் லெஷெக் பல்செரோவிச்சின் திட்டம் அமலுக்கு வந்தது. விலைக் கட்டுப்பாட்டில் பெரும்பகுதி ஒரே நாளில் போனது, மானியங்கள் வெட்டப்பட்டன, கூலி உயர்வுக்குக் கடிவாளம் போடப்பட்டது. அந்த அமைச்சரவையில் மக்கள் உண்மையில் நம்பிய முகம் குரோனின் முகம். பல்செரோவிச்சை மக்களுக்குத் தெரியாது. பிரதமர் மசோவியெட்ஸ்கியை மதித்தார்கள், ஆனால் அவர் எட்டி நிற்கும் மனிதர். குரோன்தான் ஜீன்ஸ் சட்டையோடும் டீ பிளாஸ்க்கோடும் நாடாளுமன்றத்துக்கு வந்தவர், கரகரத்த குரலில் வீட்டு மனிதர்போலப் பேசியவர். அந்த நம்பிக்கையை அவர் யாருக்காகச் செலவழித்தார்? ஆலையை மூடியவர்களுக்காக. ‘கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் கல்தான் விழுந்திருக்கும். அவர் சொன்னதால் பொறுத்துக்கொண்டார்கள்.

சூப்பைப் பற்றி எனக்கு நெகிழ்ச்சி கிடையாது. வேலையைப் பறித்த அரசாங்கத்தின் அமைச்சர் கரண்டி பிடித்து நிற்பதில் என்ன பெருமை?

கணக்கர்

கொஞ்சம் எண்களைப் பார்த்துவிட்டுப் பேசலாம். பாலைநிலம் சொல்வதில் பாதி சரி, ஆனால் 1989 எப்படி இருந்தது என்பதைத் தவிர்த்துவிட்டுப் பேசினால் அது நியாயமாகாது.

1989 அக்டோபர் என்ற ஒரே மாதத்தில் விலைவாசி 54 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஆண்டுக்கு அல்ல, மாதத்துக்கு. சம்பளம் வாங்கிய அன்றே செலவழிக்காவிட்டால் அடுத்த மாதம் அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். கடையில் பணம் இருந்தாலும் பொருள் இல்லை. வெளிநாட்டுக் கடன் 4,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. இந்த வீட்டுக்குத்தான் புது ஆட்சி குடிவந்தது. மசோவியெட்ஸ்கி நாடாளுமன்றத்தில் கொள்கை உரை வாசிக்கும்போதே மயக்கம் வந்து வெளியே போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவர், என் உடம்பும் போலந்தின் பொருளாதாரம் இருக்கும் நிலைக்கே வந்துவிட்டது, ஆனால் நான் தேறிவிட்டேன், பொருளாதாரமும் தேறும் என்ற பொருளில் சொன்னார்.

திட்டம் தொடங்கிய 1990 ஜனவரியில் விலை இன்னும் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஏறியது. அதற்குப் பிறகு சில மாதங்களில் அடங்கியது, கடைகளில் பொருள் வந்தது. கொடுத்த விலையும் அதுதான், கிடைத்த பலனும் அதுதான்.

வேலையின்மை: 1990 தொடக்கத்தில் பதிவு செய்தவர்கள் சில பத்தாயிரம் பேர். ஆண்டு முடிவில் 11 லட்சம். 1991 முடிவில் 21 லட்சத்துக்கு மேல். 1993 முடிவில் 28 லட்சத்தைத் தாண்டி, 16.4 சதவீதம். திட்டம் போட்டவர்கள் முதல் ஆண்டுக்கு எதிர்பார்த்தது சுமார் 4 லட்சம். கணக்கு தப்பியது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் குரோன் கரண்டி மட்டும் பிடிக்கவில்லை. வேலையின்மை என்ற ஒன்றே அந்த நாட்டின் சட்டத்தில் கிடையாது. சோசலிச நாட்டில் வேலையில்லாதவன் எப்படி இருக்க முடியும் என்பதே பழைய வாதம். ஆகவே பதிவு அலுவலகம் இல்லை, படிவம் இல்லை, நிதி இல்லை. எல்லாவற்றையும் சில மாதத்தில் கட்டியெழுப்பியது அவருடைய அமைச்சகம். 1989 டிசம்பர் கடைசியில் வந்த சட்டப்படி முதல் மூன்று மாதம் பழைய சம்பளத்தில் 70 சதவீதம், அடுத்த ஆறு மாதம் 50, அதற்குப் பிறகு 40. இது தாராளமான சட்டம். கூட்டம் பெருகிய பிறகுதான் சுருக்கினார்கள்.

அலைகடல்

சின்னச் சந்தேகம். சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தை ஆரம்பித்ததே இவர்தானே? கம்யூனிஸ்டுகளைப் பார்த்து ‘உங்கள் ஆள் குடியரசுத் தலைவர், எங்கள் ஆள் பிரதமர்’ என்று கட்டுரை எழுதி 1989-ல் ஆட்சியைப் பிடிக்க வழி சொன்னதும் இவர்தான் என்று எங்கோ படித்த ஞாபகம்.

செங்காந்தள்

அலைகடல், இரண்டுமே கொஞ்சம் பிசகு. சாலிடாரிட்டி பிறந்தது 1980 ஆகஸ்ட் வேலைநிறுத்தத்தில், கிதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில். அந்த நேரத்தில் குரோன் போலீஸ் காவலில் இருந்தார். வேலைநிறுத்தக் குழு வைத்த 21 கோரிக்கைகளில் அரசியல் கைதிகளை விட வேண்டும் என்பதும் ஒன்று, அதனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே வெளியே வந்தார். அப்புறம் சங்கத்துக்கு ஆலோசகராக இருந்தார். ‘சாலிடாரிட்டி’ என்ற பெயரைச் சொன்னவர் மோட்செலெவ்ஸ்கி. அந்தக் கட்டுரை பத்திரிகை ஆசிரியர் அடாம் மிஹ்னிக் எழுதியது, 1989 ஜூலை. அதை எதிர்த்து ‘மெதுவாகவே அவசரப்படுவோம்’ என்று பதில் எழுதியவர் மசோவியெட்ஸ்கி. இரண்டு மாதத்துக்குள் பிரதமர் ஆனவரும் அவர்தான்!

ஆனால் சாலிடாரிட்டிக்கு மண் பதப்படுத்தியவர்களில் குரோன் முதன்மையானவர் என்பது உண்மை. 1976 ஜூனில் அரசு உணவுப்பொருள் விலையை ஒரேயடியாக ஏற்றப்போவதாக அறிவித்தது. ராதோம் நகரில் கட்சி அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள், வார்சாவை ஒட்டிய ஊர்சுஸ் டிராக்டர் ஆலைத் தொழிலாளர்கள் தண்டவாளத்தில் இறங்கி ரயிலை நிறுத்தினார்கள். அன்று இரவே விலையேற்றம் வாபஸ். ஆனால் தொழிலாளர்களைப் பிடித்து, போலீஸ்காரர்கள் இரண்டு வரிசையாக நின்று, நடுவில் ஓடவிட்டுத் தடியால் அடித்தார்கள். அதற்கு ‘உடல்நலப் பாதை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று.

அந்தச் செப்டம்பரில் குரோனும் மற்றவர்களும் சேர்ந்து தொழிலாளர் பாதுகாப்புக் குழுவை உருவாக்கினார்கள். வழக்குக்கு வக்கீல், குடும்பத்துக்குப் பணம், அடிபட்டவருக்கு மருத்துவர். அதுவரை அறிவாளிகள் அடிபட்டபோது தொழிலாளி வரவில்லை (1968), தொழிலாளி சுடப்பட்டபோது அறிவாளிகள் வரவில்லை (1970). முதல்முறையாக இரண்டு பக்கமும் சேர்ந்தது. இன்னொன்று, அந்தக் குழுவில் சேர்ந்தவர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பகிரங்கமாக அச்சிட்டே வெளியிட்டார்கள். தலைமறைவு இல்லை, புனைபெயர் இல்லை. போலீஸ் வரட்டும், கூடவே அடிபட்டவனும் வரட்டும் என்ற தைரியம்.

குரோன் சொன்னதாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரி உண்டு: “கமிட்டிகளை எரிக்காதீர்கள், சொந்தமாகக் கமிட்டி தொடங்குங்கள்.” கட்சிக் கமிட்டி கட்டடங்கள் எரிந்த 1970-ஐயும் 1976-ஐயும் மனதில் வைத்துப் படித்தால்தான் அந்த வரியின் எடை தெரியும். 1970 டிசம்பரில் கடற்கரை நகரங்களில் கட்டடம் எரிந்தது, ராணுவம் சுட்டது, பிணம் விழுந்தது. 1980-ல் யாரும் தெருவுக்கு வரவில்லை. ஆலைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கமிட்டி அமைத்தார்கள். ஒரு கோடிப் பேர் சேர்ந்த சங்கம் பிறந்தது.

தூரிகை

நான் இங்கே எழுதுவது அபூர்வம், படிப்பதோடு சரி. இந்த இழையில் ஒருவர் பெயர் வராமல் போய்விடக்கூடாது என்பதற்காக வந்தேன். காயா.

குரோனின் மனைவி கிரஜீனா. எல்லோரும் காயா என்பார்கள். வார்சாவின் ஜோலிபோஷ் பகுதியில் அவர்களுடைய பிளாட். 1980 ஜூலையில் நாடு முழுக்க வேலைநிறுத்தம் பரவியபோது, செய்தித்தாளில் ஒரு வரி வராது. எந்த ஆலையில் என்ன நடக்கிறது என்று பக்கத்து ஊருக்கே தெரியாது. அப்போது நாலா பக்கத்திலிருந்தும் அந்த வீட்டுத் தொலைபேசிக்குத்தான் அழைப்பு வந்தது. எந்த ஊர், எந்த ஆலை, எத்தனை பேர், என்ன கோரிக்கை. கேட்டதை எழுதி வெளிநாட்டு நிருபர்களுக்குச் சொல்வார்கள், வெளிநாட்டிலிருந்து ஒலிபரப்பான ஃப்ரீ யூரோப் வானொலியில் அது இரவு ஒலிக்கும், போலந்து முழுக்க ரகசியமாக வானொலியைத் திருப்பி வைத்துக் கேட்பார்கள். ஒரு நாட்டின் செய்தி நிறுவனமே ஒரு வீட்டில் இருந்த தொலைபேசிதான் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வீட்டின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கணவன் எந்த நேரம் வீட்டில், எந்த நேரம் லாக்கப்பில் என்று தெரியாது. கதவு எப்போதும் திறந்து கிடக்கும். யாரோ தெரியாதவர் ராதோமிலிருந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்திருப்பார், அவருக்குத் தேநீர் வைக்க வேண்டும். 1979 மார்ச்சில் அந்த வீட்டில் நடக்கவிருந்த ஒரு ரகசிய வகுப்புக்கு ஒரு குண்டர் கூட்டம் வந்தது. காயாவையும் மகனையும் அடித்தார்கள்.

1981 டிசம்பர் 13, ராணுவச் சட்டம். இருவரையுமே தனித்தனியாக அடைத்தார்கள். காயாவுக்கு நுரையீரல் நோய். அவரை விட்ட பிறகும் உடம்பு தேறவில்லை. 1982 நவம்பரில் இறந்துவிட்டார். அப்போது குரோன் சிறையில் இருந்தார்.

அவர் அமைச்சராகி எடுத்த முடிவு சரியா தவறா என்று நீங்கள் பேசுங்கள். எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆனால் அந்த மனிதர் பதவிக்காக எதையும் செய்தார் என்று யாராவது எழுதினால் எனக்குப் பொறுக்காது. இழக்க வேண்டியதை அவர் முன்பே இழந்துவிட்டார்.

பாலைநிலம்

தூரிகை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் தட்டச்ச முடியவில்லை. பதவி ஆசை என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

என் வாதத்தை இன்னொரு பக்கமிருந்து வைக்கிறேன். மோட்செலெவ்ஸ்கியைப் பாருங்கள். 1965 மடலை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். இருவரும் 1968-க்குப் பிறகு மறுபடி மூன்றரை ஆண்டு உள்ளே போனார்கள். 1981-க்குப் பிறகும் இருவரும் சிறை. ஒரே தொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி. 1989-ல் குரோன் அமைச்சர், மோட்செலெவ்ஸ்கி செனட் உறுப்பினர். பல்செரோவிச் திட்டம் வந்தது. மோட்செலெவ்ஸ்கி முதலிலிருந்தே எதிர்த்தார். இதற்காக நாம் போராடவில்லை, இந்தத் தொழிலாளிகள்தான் நம்மை ஆட்சிக்குக் கொண்டுவந்தார்கள், அவர்களுடைய ஆலையை அவர்கள் தலையில் இடிக்கிறோம் என்பது அவருடைய நிலை. பிறகு தொழிலாளர் ஒன்றியம் என்ற சிறிய இடதுசாரிக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனார். முதலாளித்துவத்துக்காக என்றால் நான் ஒரு வாரம்கூடச் சிறையில் இருந்திருக்க மாட்டேன் என்று பிற்காலத்தில் சொன்னவர் அவர்.

ஒரே ஆளின் இரண்டு பாதைகள் மாதிரி இருக்கிறது இது. குரோனுக்கும் அந்தப் பாதை திறந்துதான் இருந்தது. அவர் தெரிந்தே எடுக்கவில்லை.

கணக்கர்

மோட்செலெவ்ஸ்கியின் நேர்மையை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் வெளியில் நின்றதால் எத்தனை ஆலை மூடாமல் இருந்தது? ஒன்றுகூட இல்லை. குரோன் உள்ளே இருந்ததால் உதவித்தொகைச் சட்டம் வந்தது. வெளியே நின்றிருந்தால் அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார், 70 சதவீதம் என்பது 30 ஆகியிருக்கலாம்.

1992 கோடையில் பெரிய வேலைநிறுத்த அலை வந்தது. அப்போது ஹன்னா சுஹோட்ஸ்கா பிரதமர், குரோன் இரண்டாவது முறையாக அதே அமைச்சகத்தில். போலீஸை அனுப்பவில்லை, சங்கங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அரசு, முதலாளிகள், சங்கங்கள் மூன்று தரப்பும் சேர்ந்து அரசு ஆலைகளுக்கான ஒப்பந்தம் ஒன்றை உருவாக்கி 1993 பிப்ரவரியில் கையெழுத்திட்டார்கள். ஆலையை எப்படித் தனியாருக்கு மாற்றுவது என்பதில் தொழிலாளிக்கே முதல் வாய்ப்பு, பங்குகளில் ஒரு பகுதி தொழிலாளிக்கு, நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதி. அது முழுசாக நடைமுறைக்கு வருவதற்குள் மே மாதம் ஆட்சி கவிழ்ந்தது. ஒரே ஓட்டில். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? சாலிடாரிட்டி சங்கத்தின் எம்.பி.க்களே.

இந்த ஒரு இடத்தில்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. மூன்று ஆண்டு தாமதமாக வந்தாலும் சரியான மருந்து அது.

பாலைநிலம்

மூன்று ஆண்டு தாமதம் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த ஒப்பந்தம் 1990-ல் வந்திருக்க வேண்டும். சங்கங்கள் அப்போது கையில் இருந்தன, மக்கள் பொறுமையாக இருந்தார்கள், எதைச் சொன்னாலும் கேட்டிருப்பார்கள். சொந்தமாகக் கமிட்டி தொடங்குங்கள் என்று சொன்னவருக்கு, ஆட்சிக்கு வந்ததும் அந்தக் கமிட்டிகளைக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றாமல் போனதுதான் என் ஆதங்கம். கேட்பதற்குப் பதில் வாராவாரம் தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னார்.

வூச்வாசி

வணக்கம். நான் நான்கு ஆண்டாக வூச் நகரத்தில் இருக்கிறேன், படிக்க வந்து வேலையில் ஒட்டிக்கொண்டவன். வார்சாவிலிருந்து தென்மேற்கே, ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஒரு காலத்தில் நாட்டின் துணி ஆலைத் தலைநகரம். செங்கல் ஆலைகள் ஒரு தெரு நீளத்துக்கு நிற்கும், இப்போது அவற்றில் பலவும் கடைவளாகம், ஓட்டல், அடுக்குமாடி வீடு. 1991-ல் சோவியத் சந்தை போனது, ஆலைகள் அடுத்தடுத்துப் படுத்தன. வேலை செய்தவர்களில் பெரும்பாலும் பெண்கள்.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. பெயர் வேண்டாம், நான் ‘பானி’ என்றுதான் கூப்பிடுவேன், நம் ஊரில் அம்மா என்று மரியாதையாகச் சொல்வது மாதிரி. இருபது ஆண்டுக்கு மேல் நூற்பு ஆலையில் வேலை பார்த்தவர். போன குளிர்காலத்தில் என் ஒப்பந்த வேலை இடையில் நின்றபோது அவர்தான் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னார்: “குரோனியுவ்காவுக்குப் பதிவு பண்ணினாயா?” எனக்குப் புரியவில்லை. சூப்பா என்று கேட்டேன். சூப் இல்லை, அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுக்கிற பணம் என்று விளக்கினார். இப்போதைய சட்டத்தில் அந்தப் பெயரே கிடையாது. முப்பது ஆண்டு கழித்தும் அவர் வாயில் வேறு பெயர் வரவில்லை.

இந்த இழையைப் படித்ததும் நேற்று இரவு அவரிடம் குரோனைப் பற்றி விரிவாகக் கேட்கலாம் என்று நினைத்தேன். தூங்கிவிட்டார். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

செங்காந்தள்

வூச்வாசி, கட்டாயம் கேளுங்கள். காத்திருக்கிறோம்.

இதற்குள், குரோன் கடைசிக் காலத்தில் இதே கேள்வியைத் தன்னிடம் எப்படிக் கேட்டுக்கொண்டார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த இழையை ஆரம்பித்ததற்கே அதுதான் காரணம்.

1990-களின் முற்பகுதியில் கருத்துக்கணிப்பு எடுத்தால் நாட்டிலேயே அதிக நம்பிக்கைக்குரிய அரசியல்வாதி என்று இவர் பெயர்தான் வரும். 1995-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். கிடைத்தது 9.22 சதவீதம், மூன்றாம் இடம். முன்பு கம்யூனிஸ்டாக இருந்த க்வாஷ்னியெவ்ஸ்கியும், சாலிடாரிட்டியின் தலைவராக இருந்த லேக் வலேசாவும் முதல் இரண்டு இடம். மக்கள் அவரை நேசித்தார்கள், ஓட்டுப் போடவில்லை. பாலைநிலம் சொன்ன அந்தச் செலவழிந்த நம்பிக்கையின் கணக்கு அங்கே தெரிந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அவர் பேசியதும் எழுதியதும் மெல்ல மெல்ல வேறாகின. விலைவாசியைப் பிடித்தோம், சந்தையைத் திறந்தோம், ஆனால் மனிதர்களைக் கோட்டைவிட்டோம் என்ற திசையில் போனார். கல்விக்கு முதலில் பணம் போட்டிருக்க வேண்டும், அரசுப் பண்ணைகளை அப்படி மூடியிருக்கக்கூடாது, மக்களைச் சமாதானப்படுத்துவதற்குப் பதில் அவர்களே ஒன்றுசேர்ந்து செயல்பட வழி விட்டிருக்க வேண்டும் என்றார். அதில் தன் பங்கை மறைக்கவில்லை. 2004 வசந்தத்தில் வார்சாவில் பெரிய பொருளாதார மாநாடு நடந்தபோது அதை எதிர்த்துத் தெருவில் இறங்கிய இளைஞர்களுக்கு ஆதரவாக எழுதினார். அப்போது உடம்பு ரொம்ப மோசம், சில வாரம்தான் உயிரோடு இருந்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. நாடாளுமன்றத்தில் சிறுபான்மை இனங்களுக்கான குழுவுக்குத் தலைவராக இருந்தார். உக்ரைனியரும் போலந்துக்காரரும் ஒருவரையொருவர் கொன்ற பழைய பகையைப் பற்றி வாயைத் திறக்கவே அரசியல்வாதிகள் தயங்கிய காலத்தில் இரண்டு பக்கமும் போய்ப் பேசினார். லிவிவில் பிறந்து, அந்த ஊரை இழந்த பிள்ளை அவர். அந்த ஊர் எங்களுடையது என்று கேட்காமல், அங்கே இருப்பவர்களோடு உறவு வேண்டும் என்று கேட்டார்.

கடைசியில் மனைவி தனூதாவோடு (காயா இறந்து பல ஆண்டுக்குப் பிறகு மணந்தவர்) பியாவோவியேஜா காட்டுப் பகுதியில் தெரெமிஸ்கி என்ற சின்னக் கிராமத்துக்குப் போனார். காட்டெருமைகள் உலவும் காடு. அங்கே ஒரு மக்கள் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். பெயர் பெரிது, உண்மையில் சில வீடுகள். மூடிய அரசுப் பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் வேலையில்லாமல் நின்ற இளைஞர்களைக் கூட்டி வந்து தங்கவைத்து, படிக்கவும் ஊருக்குள் ஏதாவது செய்யவும் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. தொழிலாளர் பாதுகாப்புக் குழுவில் தன்னோடு இருந்த யான் யுசெஃப் லிப்ஸ்கியின் பெயரை அதற்கு வைத்தார்கள். தான் அமைச்சராக இருந்தபோது யார் வேலை போனதோ அவர்களுடைய பிள்ளைகள் அவர்கள்.

கணக்கர்

அப்பா, இது எனக்குத் தெரியாது. லிப்ஸ்கியின் பெயர் என்பது தெரியும், யாரைச் சேர்த்தார்கள் என்பது தெரியாது.

ஆனாலும் ஒன்று. வருத்தப்பட்டார் என்பதால் 1990 முடிவு தவறு என்று ஆகிவிடாது. வேறு வழி இருந்ததா என்பது தனிக் கேள்வி. அந்தக் கடனோடும் அந்த விலையேற்றத்தோடும் மெதுவாகப் போயிருக்கலாம் என்பவர்கள் அதற்குக் காசு எங்கிருந்து வந்திருக்கும் என்றும் சொல்ல வேண்டும்.

பாலைநிலம்

அதை நானும் ஒப்புக்கொள்கிறேன், என்னிடம் முழுப் பதில் இல்லை. கூலிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கலாம், ஆலைகளைப் பிரித்துப் பார்த்திருக்கலாம், அரசுப் பண்ணைகளை ஒரே சட்டத்தில் கலைக்காமல் இருந்திருக்கலாம். அந்தப் பண்ணைக் கிராமங்களில் அரசு வேலையோடு வீடும் பள்ளிப் பேருந்தும் கடையும் சேர்ந்தே போயின. அங்கே சூப் வண்டிகூடப் போகவில்லை.

தெரெமிஸ்கியைப் பற்றிப் படித்த பிறகு நான் முதலில் எழுதிய ‘கரண்டி பிடித்து நிற்பதில் என்ன பெருமை’ என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். வாதத்தை அல்ல, அந்த வரியை மட்டும். பெருமைக்காக நின்றவர் காட்டுக்குள் போய் அந்தப் பிள்ளைகளோடு உட்கார மாட்டார்.

அலைகடல்

அவருடைய மகன் மாசியெய் குரோன் போலந்தில் புகழ்பெற்ற சமையல்காரர் என்று இப்போது தேடிப் பார்த்தேன், தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்தியவர். 1979-ல் அடிபட்ட மகன் அவர்தானா?

தூரிகை

ஆமாம், அவர்தான். அப்பாவுக்குப் பின் நான்கு ஆண்டில், 2008 டிசம்பரில் அவரும் போய்விட்டார். பேரன் யாகூபும் சமையல்காரர்தான். அந்தக் குடும்பத்தின் பெயர் சூப்போடு சேர்ந்தே இருக்கட்டும் என்று எழுதி வைத்திருந்தது போல.

குரோன் 2004 ஜூன் 17 அன்று இறந்தார். வார்சாவில் பொவோன்ஸ்கி ராணுவக் கல்லறையில் அடக்கம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்.

வூச்வாசி

கேட்டுவிட்டேன். இன்று ஞாயிறு, பானி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார், நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை என் போலந்து மொழி அறிவுக்கு எட்டிய அளவில் எழுதுகிறேன்.

ஆலையில் அவருடைய பிரிவை மூடியது 1991 இலையுதிர் காலத்தில். கணவரும் அதே ஆலைதான், இயந்திரம் பழுது பார்ப்பவர், அவருக்குச் சில மாதம் முன்பே போய்விட்டது. இரண்டு பேரும் உதவித்தொகையில் இருந்தார்கள். கடைகளில் முதல்முறையாக ஆரஞ்சும் காபியும் நிறைந்து கிடந்தன, வாங்கப் பணமில்லை. முன்பு பணம் இருந்தது, கடையில் வினிகர் மட்டும்தான் இருந்தது. இதைச் சொல்லும்போது கத்தியை நிறுத்திவிட்டுக் கையை இரண்டு பக்கமும் தராசு மாதிரிக் காட்டினார்.

குரோன் தொலைக்காட்சியில் பேசிய நாட்களை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அது அதற்கு முந்தைய ஆண்டு, இன்னும் வேலை இருந்த காலம் என்று திருத்தினார். செய்தி முடிந்ததும் வருவாராம். ஆலையை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே காதில் விழ ஆரம்பித்திருந்தது. குரோன் முகம் வந்ததும் கணவர் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார். “இவனுக்காகத்தான் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தோம்” என்று சொல்லிக்கொண்டே அணைப்பாராம். பானி எழுந்து போய்த் திரும்பப் போடுவார். அவர் அணைப்பார், இவர் போடுவார். பேச்சில் பாதிதான் எப்போதும் கேட்டிருக்கிறார்.

நீங்கள் ஏன் திரும்பப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“அவன் ஒருத்தன்தான் எங்களைப் பார்த்துப் பேசினான். மற்றவர்கள் காகிதத்தைப் பார்த்துப் பேசினார்கள்” என்றார்.

கணவர் இறந்து பதினோரு ஆண்டு ஆகிறது. கடைசிவரை அவர் குரோனை மன்னிக்கவில்லையாம். ஆனால் 2004-ல் இறுதி ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் காட்டியபோது அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு மட்டும் அணைக்கவில்லை என்றார் பானி. அப்புறம் உரித்த கிழங்கையெல்லாம் தண்ணீரில் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்கச் சொன்னார்.